ஐந்தாம் காட்டில் எடுக்கத்தான் செய்தோம்

சிவசங்கரி ஒரு காட்டின் வாயிலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கவும் அவள்தான் வர வேண்டும். சக்குபள்ளத்துக்கு மேலே, சரிவில் இறங்கிக் கிடக்கும் அந்த ஏலத்தோட்டத்தில் ஐந்து வருடமாக அதுதான் நடைமுறை. தோட்டத்தைப் பதினோரு காடுகளாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். ஒரு காட்டில் மருந்தடித்து முடித்ததும், உள்ளே போகும் ஒற்றையடிப் பாதையின் முதல் செடியில் துணி ஏறும். இருபத்தொரு நாளைக்கு அது இறங்காது. துணி தொங்கும் காட்டுக்குள் காய் எடுக்கும் பெண்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். கம்பத்திலிருந்து ஜீப்பில் வரும் ஆட்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள்: துணி இருந்தால் திரும்பு, இல்லையென்றால் நுழை.

அதற்கு முன்னால் அப்படியெல்லாம் இல்லை. இன்று மருந்து, நாளைக் காலையில் அதே செடியடியில் குத்தவைத்துக் காய் எடுப்பு. அவள் புருஷன் பாண்டி மருந்தடிக்கிறவனாக இருந்தான். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பதினான்கு வருடம் அடித்தான். ஒருநாள் முதுகில் டப்பாவோடு ஏழாம் காட்டில் குப்புற விழுந்தான். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தான். உயிர் வந்தது, விரல்கள் பழைய மாதிரி வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை நடுங்கும். அன்றிலிருந்து காலையில் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவள் வேலை.

அடுத்த வருடம் வெளிநாட்டில் காய் வாங்குகிறவர்கள் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். தோட்ட முதலாளியின் மகன் டிஜோ ஓடியாடி அதை வாங்கினான். முகமூடி, கையுறை, இருபத்தொரு நாள், எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர் என்று அந்தச் சான்றிதழோடு விதிகளும் வந்தன. ரிஜிஸ்டரை இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் காய் எடுத்துக்கொண்டிருந்த சிவசங்கரி ரைட்டர் ஆனாள். சான்றிதழ் யாருக்கு எதற்கு என்பது அவளுக்குப் பெரிதில்லை. அது இருக்கும்வரை இன்னொரு ஆள் ஏழாம் காட்டில் குப்புற விழமாட்டான். அவளுக்கு அது போதும்.

இங்கிலீஷ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டவில்லை. தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால், குமுளியில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலை பார்த்த ஆறு வருடத்தில்தான் அது அவள் காதுக்கு வந்தது. ஒருநாள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஜீப்பில் ஏறப்போனார்கள். கதவைப் பூட்டாமல் வந்துவிட்டாய் என்று கிழவர் மனைவியிடம் சிடுசிடுத்தார். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்தபடியே, “ஐ டிட் லாக் இட்” என்றார். கிழவர் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

படிக்கட்டில் வாளியோடு நின்ற சிவசங்கரிக்கு ஒன்று உறுத்தியது. ‘ஐ லாக்ட் இட்’ என்றால் பூட்டினேன் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு டிட் எதற்கு? போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

சலவைத் துணிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். மீன் குழம்பு உனக்குப் பிடிக்காதே என்று தாய் சொன்னபோது ஒரு சின்னப் பெண் “ஐ டூ லைக் இட்” என்றது. இந்தக் குழந்தை சோறு சாப்பிடாது என்று யாரோ சொன்னபோது “ஹீ டஸ் ஈட் ரைஸ்” என்றார் அதன் தகப்பன். நாலு மாதத்தில் நாற்பத்து மூன்று வாக்கியம் சேர்ந்தது. வரிசையாகப் படித்துப் பார்த்தபோது பெரும்பாலும் ஒரே கதைதான். எதிரே ஒருவர் இல்லை என்கிறார், அல்லது நம்பவில்லை. அப்போதுதான் இந்தச் சொல் உள்ளே நுழைகிறது. உபசாரம் சொல்லும்போதும் வரும். விடுதி மேனேஜர் எல்லோரையும் “டூ கம் அகெய்ன்” என்றுதான் வழியனுப்புவார்.

இன்னொன்றும் கவனித்தாள். டிட் வந்துவிட்டால் பின்னால் வரும் சொல் வெறுமனே நிற்கிறது. லாக்ட் இல்லை, லாக். மூட்டை தூக்கும்போது முன்னால் போகிறவன் பாரம் முழுவதையும் தன் தலைக்கு மாற்றிக்கொண்டால் பின்னால் வருகிறவன் கைவீசி நடப்பான் இல்லையா, அந்த மாதிரி. வில், ஹேவ், கேன் என்று ஏற்கெனவே ஒரு துணைச்சொல் நின்றால் டூவுக்கு வேலை இல்லை. நிற்கிற சொல்லையே அழுத்திச் சொன்னால் போதும். “ஐ வில் கம்” என்று வில்லில் ஊன்றிச் சொன்னால் கட்டாயம் வருவேன் என்று ஆகிவிடுகிறது.

புதிதாகக் கிடைத்த சாமானை எங்கே பார்த்தாலும் பயன்படுத்தத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. “ஐ டிட் ஸ்வீப், மேடம். ஐ டிட் பிரிங் டவல்.” ஒரு அம்மா திகைத்து, கொண்டுவரவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். இந்தப் பெண் ஏன் எப்போதும் சண்டைக்கு நிற்கிறாள் என்று மேனேஜரிடம் புகாரும் போனது. அன்று நோட்டில் எழுதிக்கொண்டாள்: ‘சந்தேகப்படாதவர்களிடம் சொல்லக் கூடாது.’

அந்தச் சொல்லின் வேர் அவளுக்கு வேறொரு இடத்தில்தான் பிடிபட்டது. ஒருநாள் காய்ச்சலோடு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“மாத்திர போட்டியா?” என்று பாண்டி கேட்டான்.

“போட்டேன்.”

“போட்ட மாதிரி தெரியலயே.”

“போடத்தான் செஞ்சேன்!”

அகப்பை கையில் நின்றது. செஞ்சேன். மாத்திரையை விழுங்கியாயிற்று, அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நம்பாதவனுக்குப் பதில் சொல்லும்போது அந்தச் ‘செஞ்சேன்’ தானாக வந்து நின்றுவிட்டது. வரத்தான் செய்தான், பெய்யத்தான் செய்கிறது, சொல்லத்தான் செய்தேன். நாற்பத்து மூன்று வாக்கியம் சேர்த்துத் தேடிய சாமான் வாயிலேயே இருந்திருக்கிறது.

“என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கே?”

“நம்மகிட்டயும் டிட் இருக்குங்க.”

“இருந்துட்டுப் போவுது. மொதல்ல கஞ்சிய ஊத்து.”

ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி அவள் தோட்டத்தில் இல்லை. பாண்டியை மாதாந்திரப் பரிசோதனைக்குக் கட்டப்பனைக்கு அழைத்துப்போயிருந்தாள். அன்று மதியம் டிஜோ தோட்டத்துக்கு போன் செய்து, நாளைக்குப் படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் வெடிப்பாக, சுத்தமாக இருக்க வேண்டும் என்றான். காய் உலர்த்தும் ஸ்டோரில் மூத்த ஆள் செபமாலையம்மாள். சொன்ன வேலையை ஒன்றுக்கு இரண்டாகச் செய்கிற பெண்பிள்ளை. களத்தைக் கூட்டினாள், கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் நாலு காட்டு வாயிலில் சிவப்புத் துணிகள் மழையிலும் சேற்றிலும் ஊறிக் கறுத்துத் தொங்கின. படமெடுக்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாலையும் அவிழ்த்து, கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாள். மழையில் வெளியே காயாது என்று ஸ்டோருக்குள் சூட்டுக் காற்று வரும் இடத்தில் காயப்போட்டாள். விடிந்து ஆள் இறங்குவதற்கு முன்னால் கட்டிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

மறுநாள் மலைப்பாதையில் மண் சரியும் என்று எச்சரிக்கை வந்ததால் கம்பத்து ஜீப் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறி வந்துவிட்டது. பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். ஐந்தாம் காட்டு வாயிலில் துணி இல்லை. நுழைந்தார்கள்.

எடை போடும் இடத்துக்குச் சாக்குகள் வந்தபோதுதான் சிவசங்கரி பார்த்தாள். ஆறு சாக்கு. எல்லாவற்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் ‘5’ என்று எழுதியிருந்தது. ஜூலை இருபத்தைந்தில் மருந்தடித்த காடு. விரல்விட்டு எண்ணினாள். பத்தொன்பது நாள்.

“அஞ்சுல யாரு எடுக்கச் சொன்னது?”

சாக்குச் சுமந்து வந்தவர்கள் ஸ்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலையம்மாள் இஸ்திரி போட்டதுபோல் மடித்த நாலு துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றாள்.

“ஏட்டி சங்கரி... காயலட்டி. அந்தச் சூட்டுலயும் ஓரம் காயல. அதுக்குள்ள ஜீப்பு வந்துட்டு.”

சிவசங்கரி திட்டவில்லை. பதினான்கு பேரையும் காட்டைவிட்டு வெளியே அழைத்து, சோப்புப் போட்டுக் கைகால் கழுவ வைத்து, வேறு உடுப்பு மாற்ற அனுப்பினாள். ஆறு சாக்கையும் அவளும் செபமாலையம்மாளும் ஸ்டோருக்குப் பின்னால், வேலியோரம் கிடந்த பழைய குப்பைக்குழிக்கு இழுத்துப்போனார்கள். நல்ல திரண்ட காய். கொட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மேலே மெல்லிசாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு டிஜோவுக்கு போன் செய்தாள்.

“மூடியாச்சா? செரி சேச்சி. இது நம்ம உள்ளயே இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல எழுதண்டா.”

அதற்குள் அவள் எழுதியிருந்தாள். மருந்தடித்த தேதி, எடுத்த தேதி, பத்தொன்பது நாள், ஆறு சாக்கு, உலர்த்தவில்லை, புதைத்தது. கீழே கையெழுத்து.

நவம்பரில் ஆய்வுக்கு ஆள் வருகிறது என்றதும் டிஜோ ஒரு புது ரிஜிஸ்டரோடு வந்தான். எடை மேடையில் அதை விரித்துவைத்துப் பேனாவையும் எடுத்து நீட்டினான்.

“சேச்சி, பழையதப் பார்த்து இதில் அப்படியே எழுதுங்கோ. அஞ்சில் மட்டும் பதிமூணு வேண்டா, பதினஞ்சுன்னு போட்டா மதி, போதும்.”

“எடுத்தது பதிமூணுதான சார்.”

“எடுத்ததும் குழிச்சிட்டதும் எனக்கு அறியும். அவங்களுக்குப் பத்தொன்பதுன்னு கண்டா மதி, சான்றிதழ் போச்சு. போனா என்ன ஆகும்னு அறியுமா? என் அப்பச்சன் பழைய மாதிரி ஆக்கிடும். துணியும் வேண்டா, இருபத்தொண்ணும் வேண்டா. உங்க பாண்டி சேட்டனுக்கு வந்தது இனி வேற ஒருத்தருக்கு வரட்டும்னா எழுதாதீங்கோ.”

அவன் மிரட்டவில்லை. நிஜமாகவே பயந்திருந்தான். அதனால்தான் அந்தப் பேச்சு அவளுக்குச் சரியாகக் குத்தியது. பேனாவை வாங்காமல் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினாள். ஐந்து வருடத்து எழுத்து. மழையில் நனைந்து மை பரவிய பக்கம்கூட இருந்தது, பொய்யான வரி ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை மாற்றி எழுதினால் மற்ற வரிகளை எதற்கு ஒருவர் நம்ப வேண்டும்? இருபத்தொரு நாள் என்று ஆட்களிடம் எந்த வாயால் சொல்வது?

“நான் எழுதுனத நான் மாத்த மாட்டேன் சார்.”

“அப்ப நீங்கதான் பேசணும். ரைட்டரத் தனியா விசாரிக்கும், நான் கூட நிக்கப் பாடில்லா, வெளியே போகணும். யெஸ் மேடம், நோ மேடம், அவ்வளவு போதும் கேட்டோ. கூடுதலாப் பேசிக் குழப்பாதீங்கோ.”

அவன் போனதும் செபமாலையம்மாள் வந்து ஒட்டி நின்றாள். “ஏட்டி, துணிய எறக்குனது ஆருன்னு கேட்டா எம் பேரச் சொல்லிருவியோ?”

“நாந்தான ரைட்டரு. எம் பேரச் சொல்லுவேன்.”

“அப்பஞ் சரி” என்றாள் செபமாலையம்மாள். ஆனால் அது அவளுக்குச் சரியாக இல்லை என்று முகம் சொன்னது.

ஆய்வுக்கு வந்த காலையில் பாண்டி பொத்தானுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். “இன்னைக்கு இங்கிலீசுல சண்டையா?”

“சண்ட இல்ல. நடந்தது.”

“நடந்ததச் சொல்லதுக்கு எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குது? பொத்தான மாத்திப் போட்டுருக்க பாரு.”

ஆய்வாளர் ரிமா டேக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சொந்த ஊர் அசாம். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, பேச்சு முழுவதும் இங்கிலீஷ்தான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். காலையிலேயே ஆறு காடு ஏறி இறங்கியும் மூச்சு வாங்காத ஆள். ஸ்டோருக்குள் சிவசங்கரியை மட்டும் உட்காரவைத்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஆகஸ்டுப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“ஐந்தாம் காடு. பத்தொன்பதாம் நாள் எடுத்திருக்கிறீர்களா? தேதி தவறி எழுதிவிட்டீர்களா?”

தப்பிக்க அவரே ஒரு வாசலைத் திறந்துவிட்டார். தவறி எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். சிவசங்கரி அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள்.

“நோ மிஸ்டேக், மேடம். வீ டிட் பிக்.”

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி எடுக்கத்தான் செய்தோம் என்று அழுத்திச் சொல்கிறவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லைபோல.

“அந்தக் காய் எங்கே போனது?”

“ஐ டிட் பரி, மேடம். சிக்ஸ் பேக்ஸ்.” புதைக்கத்தான் செய்தேன் என்றாள்.

“புகைப்படம்?”

“இல்லை.”

“சிவசங்கரி, பிடிபட்டதும் எல்லாத் தோட்டத்திலும் புதைத்துவிட்டோம் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல சீசனில் ஆறு சாக்குக் காயை மண்ணில் கொட்டுவார்களா? மற்றதோடு சேர்த்து உலர்த்தி அனுப்பியிருப்பீர்கள். நான் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்.”

எழுதினால் தீர்ந்தது. பேனா தாளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. சேர்த்துவைத்த நாற்பத்து மூன்று வாக்கியமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவள் வாய்க்கு வந்தன. கைப்பை வாரைச் சரிசெய்த அந்த வெள்ளைக்கார அம்மா நினைவுக்கு வந்தார். அவர் கத்தவில்லை. கதவு பூட்டியிருந்தது, அதனால் கத்தத் தேவையிருக்கவில்லை.

“த பிட் இஸ் தேர், மேடம்” என்றாள், குழி இருக்கிறது என்பதில் ஊன்றி. “ப்ளீஸ் கம். ஐ வில் டிக்.”

ஸ்டோரைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு செபமாலையம்மாள் முன்னே நடந்தாள். டிஜோ தூரத்தில் நின்று நகத்தைக் கடித்தான். சிவசங்கரி கடைசியாக வந்தாள். மூன்று மாத மழை. பச்சைக் காய் இதற்குள் மக்கிக் கறுஞ்சேறாகியிருக்கும். தோண்டினால் என்ன வரும்? சேற்றைக் காட்டி இதுதான் ஏலக்காய் என்றால் யார் நம்புவார்கள்? ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வர மனம் வரவில்லை.

முதலில் வேலியோரம் திரும்பிய செபமாலையம்மாள் நின்றுவிட்டாள்.

“மாதாவே! நாத்துப் பாவுன மாதிரில்லா கெடக்கு!”

குழியின் மண்ணே தெரியவில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, விரல் உயரத்துக்கு, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு ஏல நாற்று. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இலை. ஆய்வாளர் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். வேரில் வெடித்த காய்த்தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று பிடுங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தோல். பிறகு பூட்ஸ் காலால் குழியின் நீள அகலத்தை அளந்தார். மண்வெட்டியை வாங்கி அவரே ஓரத்தில் வெட்டி, ஆழத்தையும் பார்த்தார்.

“இதை யார் விதைத்தது?”

“யாரும் விதைக்கவில்லை, மேடம்” என்றாள் சிவசங்கரி. குனிந்து ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“பத்தொன்பதாம் நாளுக்குள் துணியை இறக்கியது யார்?”

“ஐ ஆம் த ரைட்டர், மேடம். சோ...”

“மீ!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செபமாலையம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “மீ வாஷிங், மேடம். நல்லா சோப்புப் போட்டு.” இரண்டு கைகளாலும் துணியைக் கல்லில் அடித்துக் காட்டினாள். “டர்ட்டி. போட்டோ கமிங். மீ வாஷிங்.”

ஆய்வாளர் உதட்டைக் கடித்தபடி கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறார் என்பது சிவசங்கரிக்குப் பிறகுதான் புரிந்தது.

எடை மேடையில் உட்கார்ந்து அறிக்கையைத் தட்டச்சு செய்தார். ஒரு தவறு நடந்தது, காய் அழிக்கப்பட்டதை நேரில் பார்த்தேன். இனித் துணி போதாது, ஒவ்வொரு காட்டுக்கும் சங்கிலியும் பூட்டும் போட்டுப் பலகை நட வேண்டும், துவைக்க முடியாத பலகை. முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். சான்றிதழ் தொடரும். டிஜோ இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ரைட்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார் ஆய்வாளர். சிவசங்கரி விரலை வரிக்குக் கீழே நகர்த்தி மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ‘தி ரைட்டர் பரீட் சிக்ஸ் பேக்ஸ்.’

“மேடம், இங்கே ஒரு வார்த்தை. டிட் பரி.”

“அறிக்கையில் அது தேவையில்லை. இங்கே யாரும் உங்களைச் சந்தேகப்படவில்லையே.”

“நீங்கள் குழியைப் பார்த்தீர்கள்” என்றாள் சிவசங்கரி, சொற்களைத் தேடித் தேடி. “பெங்களூரில் படிக்கிறவர் பார்க்கவில்லை. அவர் சந்தேகப்படுவார்.”

ஆய்வாளர் யோசித்தார். பிறகு அந்த வரிக்குத் திரும்பி, ஒரு சொல்லைச் சேர்த்து இன்னொரு சொல்லின் வாலை வெட்டினார். சிவசங்கரி மறுபடி முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பலகைகள் வந்து சேரும்வரை துணிதான். அன்று மதியம் எட்டாம் காட்டில் மருந்தடித்து முடித்தார்கள். துவைத்து வைத்த நாலில் ஒன்றை எடுத்துப்போய்ச் சிவசங்கரி முதல் செடியில் இரண்டு முடிச்சுப் போட்டாள். காய்த்தூசி படிந்த கையோடு செபமாலையம்மாள் பின்னாலேயே வந்து நின்று பார்த்தாள்.

“இது எப்பட்டி அழுக்காவும்?”

“ஆவட்டும்க்கா. நீ தொடாத.”

“தொடவே மாட்டேன்” என்றவள் நாலடி போய்த் திரும்பினாள். “ஆனா அந்த ஓரத்துல இப்பவே சேறு ஒட்டியிருக்கு, பாரு.”

சிவசங்கரி மூன்றாவது முடிச்சும் போட்டாள்.